பொன்செல்வி கொடுத்தது

பொன்செல்வியை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு சண்டையின் நடுவில். டயாலிசிஸ் வார்டு வாசலில் நின்றுகொண்டு தன் கணவர் பிச்சைக்கண்ணுவை விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"நுங்கு தின்னீகளா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"ரெண்டே ரெண்டுதான் ஏட்டி."

"ரெண்டா? பனைக்கடியில வெறுங்கூடு எட்டு கெடந்துச்சே, அத ஆடா தின்னுச்சு?"

பிச்சைக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டார். சிறுநீரகம் செயலிழந்தவர் ஒரு நாளில் குடிக்கும் தண்ணீருக்கே அளவு உண்டு. பழம், இளநீர், நுங்கு எல்லாவற்றிலும் இருக்கும் பொட்டாசியம் என்ற உப்பு உடம்பில் தங்கி, சில சமயம் நெஞ்சுத் துடிப்பையே நிறுத்திவிடும். அன்றைக்கு அவரைச் சீக்கிரமாக இயந்திரத்தில் இணைத்ததால் பிழைத்தார். இணைத்து முடிக்கும்வரை வாய் ஓயாமல் திட்டியவள், முடிந்ததும் வராந்தாவுக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

நான் லில்லி. அந்த ஆஸ்பத்திரியில் இருபது வருடம் நர்ஸ் வேலை பார்த்தவள். இப்போது உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர். பெயர்தான் நீளம். நோயாளிகளிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும் பேசுவது, காகிதங்களைச் சேர்ப்பது, பரிசோதனைகளுக்குக் கூட்டிப்போவது, இதுதான் வேலை. எல்லோருக்கும் இன்னமும் நான் 'சிஸ்டர்'தான்.

பொன்செல்விக்குச் சொந்த ஊர் சீவலப்பேரி. நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று வயல் வேலை. பிச்சைக்கண்ணு அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர். உடம்பு வலிக்கு மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கியே பதினைந்து வருடம் ஓட்டியிருக்கிறார். ரத்தக் கொதிப்பு இருந்திருக்கிறது, யாரும் அளந்து பார்க்கவில்லை. கால் வீங்கி எங்களிடம் வந்தபோது இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டிருந்தன. பிள்ளைகள் இல்லை. இருவருக்கும் இருவர்தான்.

செவ்வாய், வியாழன், சனி காலை முதல் பஸ்ஸில் இருவரும் வருவார்கள். மற்ற நாட்களில் அவள் வயலுக்குப் போவாள். தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்க அவள் முன்வந்தாள். பரிசோதனை செய்துவிட்டு டாக்டர் அவளிடம், "உங்க ரத்த வகை பி, அவருக்கு ஏ. நீங்க கொடுக்க முடியாதும்மா" என்று சொன்ன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நேரே என் மேசைக்கு வந்துவிட்டாள்.

"சிஸ்டர், என் ரத்தம் இவுகளுக்குச் சேராதுன்னு சொல்லுதாக. இருவத்திரண்டு வருசமா ஒண்ணாக் குடும்பம் நடத்துதோம். இப்பப் போய்ச் சேராதுன்னா என்ன அர்த்தம்?"

சேராத ரத்த வகையிலும் இப்போது மாற்று செய்ய முடிகிறது என்பதையும் டாக்டர் மறைக்கவில்லை. ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் பொருளை வடிகட்டி எடுத்துவிட்டு, வீரியமான மருந்துகள் கொடுத்துச் செய்வார்கள். ஆனால் கிருமித் தொற்று வந்தால் பிச்சைக்கண்ணுவின் உடம்பு தாங்குமா என்று அவருக்குச் சந்தேகம். மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து பெறும் பட்டியலில் பெயரைப் பதிந்து வைத்தோம். முன்னால் பல நூறு பேர் இருந்தார்கள்.

வார்டுக்கு வெளியே பொன்செல்வி காத்திருக்கும் வராந்தா பெஞ்சில் இன்னொருவரும் வாரம் மூன்று நாள் உட்காருவார். கல்லிடைக்குறிச்சி சுந்தர்ராமன். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி மஹாலக்ஷ்மிக்குச் சர்க்கரை நோயால் சிறுநீரகம் போய்விட்டது. பிச்சைக்கண்ணுவுக்கு அடுத்த படுக்கைதான் அந்த அம்மாவுக்கு. பொன்செல்வி மாத்திரை அட்டைகளைக் கொண்டுபோய்க் காட்டுவாள், வாத்தியார் பெயரைப் படித்து எந்த வேளைக்கு எது என்று சொல்லிக்கொடுப்பார். அவர் குறுக்கெழுத்து போடும்போது, அவள் வயலில் கேட்ட கதைகளைச் சொல்லி அவரைப் போடவிடாமல் செய்வாள். ரத்த வகை சேராத தம்பதிகளின் பட்டியலை ஒரு நாள் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது: மஹாலக்ஷ்மி பி, சுந்தர்ராமன் ஏ. இத்தனை நாளும் விடை அந்த பெஞ்சிலேயே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறது.

இதற்குப் பரிமாற்ற முறை என்று பெயர். பொன்செல்வியின் சிறுநீரகம் மஹாலக்ஷ்மிக்கு, சுந்தர்ராமனுடையது பிச்சைக்கண்ணுவுக்கு. திசுப் பொருத்தமும் பார்த்தாயிற்று, பொருந்தியது. நான்கு பேரையும் உட்கார வைத்து டாக்டர் விளக்கினார். மஹாலக்ஷ்மி பொன்செல்வியைப் பார்த்து, "உனக்கு வயசு நாப்பத்திரண்டுதானேம்மா. எனக்காக இப்படிப் பண்ணிக்கணுமா?" என்றார்.

"உங்களுக்காவ இல்ல மாமி" என்றாள் பொன்செல்வி. "இவுகளுக்காவத்தான். பொய் சொல்ல மாட்டேன்."

மஹாலக்ஷ்மி சிரித்துவிட்டார். "அதுவும் சரிதான். இவரும் உன் ஆத்துக்காரருக்காகக் கொடுக்கலை, எனக்காகத்தான் கொடுக்கறார்."

ஊரில் அவ்வளவு எளிதாக இல்லை. பொன்செல்வியின் தம்பி இசக்கி ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டான். என் எதிரிலேயே சத்தம் போட்டான்.

"அத்தானுக்குக் குடு, வேண்டாங்கல. எவனோ பொண்டாட்டிக்கு எதுக்குக் குடுக்கணும்? கிட்னிய வித்துட்டாம்பான்வ சீவலப்பேரி பூராவும்."

"ஏலே இசக்கி, உங்க அத்தானுக்கு என்னோடது சேராதுலே. சேர்ற எடத்துல நான் குடுத்தா, இவுகளுக்குச் சேர்றது இங்கன வருது. இதுல எவனோ எங்கருந்து வந்தான்?"

"உனக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

அதற்கு அவள் என்னைத்தான் பார்த்தாள். நான் இசக்கியிடம் உள்ளதைச் சொன்னேன். ஆபத்து குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. முன்பு போல விலாவை நீளமாகக் கிழிக்க மாட்டார்கள், சிறு துளைகள் வழியே கருவியை விட்டு எடுப்பார்கள், நாலைந்து நாளில் வீட்டுக்குப் போகலாம். ஒரு சிறுநீரகத்தோடு நல்லபடியாக வாழலாம், ஆயுள் முழுக்க வருடத்துக்கு ஒரு தடவை பரிசோதனைக்கு வரவேண்டும். இசக்கி கோபம் தணியாமலே போனான். ஆனாலும் அடுத்த வாரம், கிராம நிர்வாக அலுவலரிடம் அலைந்து அவர்கள் கணவன் மனைவிதான் என்பதற்குச் சான்றிதழ் வாங்கிவந்தவன் அவன்தான். அவர்களிடம் கல்யாணப் போட்டோ ஒன்றுகூட இல்லை.

அனுமதிக் குழுவின் முன்னால் கணவனையும் மனைவியையும் தனித்தனியாக விசாரிப்பார்கள். உறவு உண்மைதானா, பணம் கைமாறியதா என்று பார்ப்பதற்காக. பொன்செல்வியோடு நான் உள்ளே போனேன். நடுவில் இருந்த அதிகாரி கேட்டார்.

"உங்க வீட்டுக்காரருக்கு ரொம்பப் பிடிச்சது என்னம்மா?"

"தண்ணிதான் சார்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "தினமும் குடிப்பாரா?"

"தினமுந்தான். முக்கா லிட்டரு குடுப்பேன். அதுக்கு மேல கேட்டா சண்டதான்."

"நீங்களே ஊத்திக் கொடுப்பீங்களா?"

"பின்ன? இவுக கையில குடுத்தா ஒரே மூச்சுல குடிச்சிருவாகளே. நான் செம்ப ஒளிச்சுதான் வச்சிருக்கேன்."

குழுவில் இருந்த பெண் டாக்டர் கோப்பைப் புரட்டிக் கல்லீரல் பரிசோதனையைத் தேட ஆரம்பித்ததும் நான் எழுந்து, "சார், அவங்க சொல்றது குடிதண்ணீரை" என்றேன். அறையே சிரித்தது. பொன்செல்விக்கு விஷயம் புரிந்ததும் முகம் சிவந்து, "ஐயய்ய, அந்தக் கழுதைய இவுக தொட்டதே இல்ல சார்" என்று கையை உதறினாள்.

சிரிப்பு அடங்கியபின் அதிகாரி மெதுவாகத்தான் கேட்டார். "அந்த அம்மா வீட்டுல உங்களுக்குப் பணம் எதுவும் தரேன்னாங்களா?"

"அவுக வீட்டு ஐயா எங்க வீட்டு ஆளுக்கு ஒண்ணு தாராவ. அதுக்கு மேலயும் கை நீட்டுனா நான் மனுசியா சார்?"

அனுமதி வந்தது. இந்த மாதிரி அறுவை சிகிச்சையில் பெரிய பயம் ஒன்று உண்டு. ஒருவர் கொடுத்தபின் மற்றவர் மனம் மாறிவிட்டால் என்ன செய்வது? அதனால் கொடுக்கிற இருவரையும் ஒரே நேரத்தில் மேசையில் ஏற்றுவார்கள். கடைசி நிமிடம் வரை யாரும் வேண்டாம் என்று சொல்லலாம். காலையில் கையெழுத்து வாங்கும்போது இருவரிடமும் தனியாகக் கேட்டேன். சுந்தர்ராமன், "சீக்கிரம் ஆரம்பிக்கச் சொல்லுங்கோ, பயம் வர்றதுக்குள்ள" என்றார். பொன்செல்வி, "இவுக காலையில மாத்திர போட்டாகளா?" என்று கேட்டாள்.

பிச்சைக்கண்ணுவின் உடம்பில் வைத்த சிறுநீரகம் மேசையிலேயே வேலையைத் தொடங்கிவிட்டது. சாயங்காலம் கண் விழித்த பொன்செல்வியிடம் சொன்னேன். கண்ணை மூடித் திறந்தவள், "மாமிக்கு?" என்றாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்."

கொஞ்ச நேரத்தில் ஆகவில்லை. ஒரு நாள் ஆயிற்று, இரண்டு நாள் ஆயிற்று. மஹாலக்ஷ்மிக்குச் சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கியது. திரும்பவும் இயந்திரத்தில் இணைத்தோம். சில சமயம் இப்படி நடக்கும். உடம்பு மாறிய அதிர்ச்சியில் சிறுநீரகம் உறங்கிக் கிடக்கும். டாக்டர் தைரியமாகத்தான் இருந்தார். பொன்செல்விதான் உடைந்துபோனாள்.

"நான் குடுத்தது சொத்தையாப் போச்சோ சிஸ்டர்? வெயில்லயும் சேத்துலயும் கெடந்த ஒடம்பு. நல்லத வாங்கிக்கிட்டு நொள்ளையக் குடுத்த மாதிரி ஆயிட்டே."

"எல்லாச் சோதனையும் பண்ணித்தான் எடுத்தோம். உன்னுடையது நல்ல சிறுநீரகம்."

அவள் நம்பவில்லை. சாப்பாட்டைத் தொடவில்லை. நான்காம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்தும் போக மறுத்தாள். பிச்சைக்கண்ணுவைக் கண்ணாடி வழியே பார்த்துவிட்டு, மஹாலக்ஷ்மி இருந்த அறையின் வாசலில் போய் உட்கார்ந்துகொள்வாள். சுந்தர்ராமன் தையலைக் கையால் பிடித்துக்கொண்டு பைய நடந்துவந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு மட்டும் கவலை இல்லாமலா? மூன்று நாளாக அவர் தாடி மழிக்கவில்லை.

"நான் முப்பது வருஷம் ஆறாம் கிளாஸ் எடுத்தேன்" என்றார். "புதுசா வந்து சேர்ற பிள்ளை முதல் வாரம் வாயே திறக்காது. பேர் கேட்டாக்கூடச் சொல்லாது. அதுக்காக மக்குன்னு சொல்லிடலாமா? இடம் புதுசு, அவ்வளவுதான். சாப்பிடும்மா முதல்ல."

"திறக்காமலே போயிட்டா ஐயா?"

அவர் இட்லித் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். "போனா, நீ கொடுத்தேங்கறது இல்லைன்னு ஆயிடுமா?"

அன்று அவள் இரண்டு இட்லி சாப்பிட்டாள்.

ஏழாம் நாள் காலை, நான் பணிக்கு வந்து கைப்பையைக்கூட வைக்கவில்லை, வார்டு நர்ஸ் அளவுக் குடுவையோடு ஓடிவந்தாள். மஹாலக்ஷ்மிக்கு முந்நூறு மில்லி. மத்தியானத்துக்குள் ஒரு லிட்டர். பொன்செல்வி அந்தக் குடுவையைக் காட்டச் சொன்னாள். யாருடைய சிறுநீரையும் அப்படி ஆசையோடு யாரும் பார்த்து நான் கண்டதில்லை. சிரிக்க ஆரம்பித்து, தையல் வலித்து, "அம்மா" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறுபடியும் சிரித்தாள். உள்ளேயிருந்து மஹாலக்ஷ்மி முகக்கவசத்தோடு கையை உயர்த்திக் காட்டினார்.

அதற்குப் பிறகும் பாடு இல்லாமல் இல்லை. பிச்சைக்கண்ணு இனி மூட்டை தூக்கக் கூடாது. உடம்பு புதுச் சிறுநீரகத்தை எதிர்க்காமலிருக்க, காலையும் மாலையும் நேரம் தவறாமல் ஆயுளுக்கும் மாத்திரை. மூன்றாம் மாதம் மஹாலக்ஷ்மிக்கு எதிர்ப்பு வந்து பத்து நாள் படுத்து எழுந்தார். பிச்சைக்கண்ணுவுக்கோ வேறு கஷ்டம். தினம் மூன்று லிட்டர் குடிக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட, பொன்செல்வி செம்போடு அவர் பின்னாலேயே சுற்றினாள். "அன்னைக்குக் குடிக்காதன்னு அடிச்சா, இன்னைக்குக் குடிகுடின்னு அடிக்கா" என்று என்னிடம் புகார் சொன்னார். அவர் இப்போது ஊர் பால் சொசைட்டியில் அளவு பார்க்கும் வேலையில் இருக்கிறார்.

ஒரு வருடப் பரிசோதனைக்கு மூவர் வந்தார்கள். பொன்செல்வி வரவில்லை. வாங்கியவர்களை விழுந்து விழுந்து கவனிக்கிறோம், கொடுத்தவர்களை விட்டுவிடுகிறோம். அவர்களும் தங்களை மறந்துவிடுகிறார்கள். மூன்று முறை போன் செய்தேன். "நடவு முடியட்டும் சிஸ்டர்" என்றாள். நான்காவது முறை போன் செய்யாமல் ரத்த அழுத்தக் கருவியையும் ரத்தம் எடுக்கும் ஊசியையும் பையில் வைத்துக்கொண்டு சீவலப்பேரி பஸ் ஏறிவிட்டேன்.

ஆற்றை ஒட்டிய வயலில் பன்னிரண்டு பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவள் நிமிர்ந்தாள். "இந்தப் பாத்திய முடிச்சிட்டு வாரேன், அந்த வரப்புல உக்காருங்க." உட்கார்ந்தேன். முடித்துவிட்டு வாய்க்காலில் கையைக் கழுவி என் முன்னால் நீட்டினாள். ரத்தம் எடுத்தேன், அழுத்தம் பார்த்தேன். நூற்றிருபதுக்கு எண்பது.

"நல்லாருக்கா?"

"என்னைவிட நல்லாருக்கு."

கருவியை நான் மூடப்போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு வயலைப் பார்த்துக் கத்தினாள். "ஏ மாரி! சொர்ணம்! எல்லாரும் கை கழுவிட்டு வாங்க. தலை சுத்துது, கால் வீங்குதுன்னு சொல்லுதியளே, சிஸ்டர் பாத்துச் சொல்லுவாவ. காசு கெடையாது."

சேறு சொட்டும் சேலையோடு ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். ஆறாவதாக வந்த பெண்ணுக்கு நூற்று எண்பத்தைந்து காட்டியது. எத்தனை வருடமாக அப்படியோ, அவளுக்கே தெரியாது. சீட்டு எழுதி, சனிக்கிழமை வரச் சொன்னேன்.

"வருவா" என்றாள் பொன்செல்வி. "நானே கூட்டிட்டு வாரேன்."

அந்தப் பெண் ஏதோ சாக்குச் சொல்ல வாயெடுத்தாள். பொன்செல்வி சீட்டை வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டு நாற்றுக் கட்டை எடுக்கப் போய்விட்டாள்.