மௌனம் என்று தட்டச்சு செய்த இடங்கள்

மூன்றாம் அத்தியாயத்தை ஒரு வெள்ளிக்கிழமை மாலை எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் வைத்து வாசித்தேன். கொச்சியில், மட்டாஞ்சேரியில் மழை விட்டிருந்தது. சந்தில் ஒரு லாரி பின்னுக்கு வந்துகொண்டே இருந்தது, யாரோ "வரட்டே, வரட்டே" என்று சத்தம் கொடுக்கக் கொடுக்க, முடிவே இல்லாத மாதிரி.

ஆய்வேடு ஒரு டீச்சருடையது. பாலக்காட்டுக்காரர், என் வயதுதான். கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே களமசேரிப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தார். திங்கட்கிழமை சமர்ப்பிக்க வேண்டும். இனி நீட்டிப்பு கிடையாது. தவறினால் பதிவு ரத்து. இத்தனை வருஷமும் ஆற்றில் கரைத்த புளி.

இங்கே சுக்குக் கிடங்குகளில் சலிக்கிற, தரம் பிரிக்கிற தமிழ்ப் பெண்களைப் பற்றிய ஆய்வு அது. என் ராத்தாவும், அதாவது அக்காவும், அவர்களில் ஒருத்தி. டீச்சரைக் கிடங்குக்குக் கூட்டிப் போனது நான். அவர் பதிவு செய்த பேச்சைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுத்ததும் நான். பிறருடைய ஆய்வேடுகளைத் திருத்துவது என் பிழைப்பு. மிச்ச நேரத்தில் எனக்கென்று சில வரிகள் எழுதுவேன்.

ஒரு வாதத்தை வாசிக்கும்போது என் கையில் பென்சில் இருக்கும். முடிவு எது, அதன் அடியில் ஒரு கோடு. அதைத் தாங்குகிற சான்று எது, அங்கே இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில் எழுதாமல் விட்ட ஒரு வாக்கியம் எப்போதும் இருக்கும். எழுதியவருக்கு அது அவ்வளவு வெளிச்சமாகத் தெரிந்திருக்கும், அதனால்தான் எழுதியிருக்க மாட்டார். அதைத் தேடிப் பிடித்து ஓரத்தில் எழுதிப் பார்ப்பேன். எழுதிய பிறகு நிற்கிறதா என்று பார்ப்பேன்.

டீச்சர் அழகாக எழுதியிருந்தார். சுக்குத் தூசு இந்தப் பெண்களின் நெஞ்சில் படிகிறது. உடம்பைப் பற்றிக் கேட்டால் ஒன்றிரண்டு சொல்லில் பதில். அதன் பின் நீண்ட மௌனம். ஆகவே துன்பத்தை விதியென்று ஏற்றுக்கொண்டவர்கள் இவர்கள். நடுவில் விடுபட்டதை எழுதினேன்: பேசாதிருப்பவர் ஒப்புக்கொண்டவர். எழுதியதும் அது ஒற்றைக் காலில் நின்றது. சரி, மௌனத்துக்காவது சான்று என்ன? அடிக்குறிப்பைத் தொடர்ந்து போனேன். அது என்னிடமே வந்து நின்றது. நான் தட்டச்சு செய்த பக்கங்கள். பேச்சு இல்லாத இடங்களிலெல்லாம் அடைப்புக்குறிக்குள் நான் போட்ட ஒரே சொல்: மௌனம்.

வேலைவிட்டு வந்த ராத்தா குழாயடியில் கை தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, பரீட்சைக்குப் படிக்கிறியா?"

"உங்களப் பத்தித்தான் ராத்தா. நீங்கல்லாம் விதியேன்னு வாயடைச்சுக் கெடக்கீங்களாம்."

வாசித்துக் காட்டினேன். ஈரக்கையோடு நின்று முழுசும் கேட்டாள்.

"அன்னிக்கு சுண்ணாம்பு போட்ட சுக்கு சலிச்சோம். வாயத் தொறந்தா தொண்டை வெந்துபோகும். தலையில போட்ட தட்டத்து முனைய வாயில இறுக்கிக் கட்டிக்கிட்டு என்னத்தப் பேசுறது? நீயும் பக்கத்துல குத்தவச்சுத்தான இருந்த? கண்ண எங்க வச்சிருந்த?"

"டீச்சரும் பாத்தாங்க."

"அவங்க புதுசு. நீ யாரு?" கையை உதறினாள். "மத்தியானம் சாயா குடிக்கையில மறுபடி வந்து கேக்கச் சொல்லு. மேஸ்திரியே வந்து கும்பிடுவான், கொஞ்சம் சும்மா இருங்கம்மான்னு."

இருபது வருஷமாக அந்தத் தட்டத்தைத் துவைத்துக் காயப் போடுகிறவள் நான். முனை மட்டும் சுண்ணாம்பில் விறைத்திருக்கும். ஆனால் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது சலிப்புச் சத்தம் கேட்டது, இருமல் கேட்டது, நடுவில் ஒன்றுமில்லாத நீளம் கேட்டது. அந்த நீளத்துக்கு என்னிடம் ஒரு சொல் தயாராக இருந்தது. எனக்குப் பிடித்த சொல். இருமலைக்கூட அதற்குள் போட்டு மூடியிருந்தேன்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். திங்கட்கிழமை ஏடு போய்விடும், யாரும் கிடங்குக்கு வந்து பார்க்கப் போவதில்லை. டீச்சரைக் கூப்பிட்டேன். வைட்டிலாவில் பஸ் மாறி அன்றைக்கே வந்தார், குடையை மடக்காமல் வாசலில் நின்றபடியே கேட்டார். ராத்தாவுக்கு நான் தங்கை, அவருக்கு நான் இத்தா; அக்கா என்றுதான் அதற்கும் அர்த்தம்.

"மொழிப் பிழைதானே இத்தா? அது நாளைக்குப் பாத்துக்கலாமே."

"மொழி சுத்தமா இருக்கு டீச்சர். சான்றுதான் இல்ல. அதுவும் என் தப்பு."

சொன்னேன். பக்கங்களைப் புரட்டினார். ஒவ்வொரு அடைப்புக்குறியிலும் விரல் வைத்து நின்றார்.

"நாப்பது பக்கம், இத்தா."

"ம்."

"வேற எதுலயாவது தாங்கிப் பிடிக்கலாமா? சாயா நேரத்துல எல்லாருமா அவ்வளவு பேசினாளே. முகமூடி கேட்டது, மேஸ்திரி தராதது, எல்லாம் சொன்னாளே."

"பதிவுல இல்லையே."

இல்லை. அன்றைக்குச் சாப்பிடுகிறவர்கள் முன்னால் ஒலிப்பதிவுக் கருவியை நீட்டுவது மரியாதையில்லை என்று அவரே அதை அணைத்துப் பையில் வைத்திருந்தார். அவர்கள் வாய் திறந்த அரைமணி நேரமும் அது பைக்குள் கிடந்தது. டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கங்களை அடுக்கி வைத்துவிட்டு, "பின்னே, நாளைக்கு சனிக்கிழமை. கிடங்கு உண்டல்லே?" என்றார்.

"உண்டு டீச்சரே," என்றாள் ராத்தா உள்ளேயிருந்து. "வரும்போது தின்ன ஏதாச்சும் கடி வாங்கிட்டு வாங்க. வெறும் சாயாவுக்கு எவளும் உண்மை பேச மாட்டா."

சனிக்கிழமை மத்தியானம் பெண்கள் வாய் கொப்பளித்து, தட்டங்களையும் முந்தானைகளையும் உதறிவிட்டு உட்கார்ந்தார்கள். டீச்சர் வாங்கி வந்த பழம்பொரிக்கும் கண்ணாடித் தம்ளர்களுக்கும் நடுவில் கருவி. இந்த முறை எல்லோரிடமும் கேட்டுத்தான் வைத்தார்.

ஒரு பெண் தொடங்கினாள்: "நாங்க பேசலன்னு எழுதினீங்களாமே, டீச்சர்?"

"எழுதினேன். தப்பு."

"எங்க வீட்டுக்காரர்கிட்ட அந்தக் காகிதத்தக் காட்டணுமே. ஒரு நாளாவது நம்பட்டும்."

சிரிப்பு அடங்கியதும் பேசினார்கள். மருந்துச் சீட்டைப் பற்றி, மழைக்காலத்தில் கூடுகிற மூச்சிரைப்பைப் பற்றி, கேட்டுக் கேட்டு ஓய்ந்ததைப் பற்றி. ஏற்றுக்கொண்டவர்கள் பேசுகிற பேச்சாக அது இல்லை. போராட்டம் என்றும் எழுத முடியாது. ஒருத்தி எல்லாவற்றுக்கும் இறைவனைச் சொன்னாள். இன்னொருத்தி முகமூடிக்கு எழுதிக் கொடுத்த மனுவைச் சொன்னாள். டீச்சரின் பழைய முடிவுக்கு அதில் இடமில்லை. புதிய முடிவும் கைக்கு வரவில்லை.

ஞாயிறு முழுக்க நான் தட்டச்சு செய்தேன், அவர் எழுதினார். நாற்பது பக்கம் பதினொன்றாகச் சுருங்கியது. முதல் முறை எப்படித் தவறாகக் கேட்டோம் என்பது ஒரு பத்தி. இதற்கு மேல் சொல்லச் சான்றில்லை என்பது கடைசி வரி. "இத வச்சு அவா என்னைத் திருப்பி அனுப்பினாலும் அனுப்புவா," என்றார். திங்கட்கிழமை களமசேரியில் கொடுத்துவிட்டு வந்தார். பதிவு பிழைத்தது. மற்றது தேர்வாளர் கையில் இருக்கிறது. இன்னும் பதில் வரவில்லை.

அந்த ஞாயிறு, சனிக்கிழமைப் பதிவில் பேச்சு இல்லாத ஒவ்வொரு இடத்தையும் திரும்பத் திரும்பக் கேட்டேன். மெல்லுகிறார் என்று எழுதினேன். தம்ளர் வைக்கும் சத்தம் என்று எழுதினேன். இருமுகிறார், இருமுகிறார் என்று எழுதினேன். ஓர் இடம் மட்டும் மிஞ்சியது. இந்த வேலையை விட்டுவிட நினைத்ததுண்டா என்று டீச்சர் ராத்தாவிடம் கேட்கிறார். அப்போது நான் எதிரில்தான் இருந்தேன், இந்த முறை பார்த்துக்கொண்டும் இருந்தேன். கருவி ஓடிக்கொண்டிருக்கிறது, தூரத்தில் ஓர் ஆட்டோ போகிறது.

அடைப்புக்குறிக்குள் எழுதினேன்: வாயில் துணி இல்லை. கை தம்ளரின் மேல். பதில் சொல்லவில்லை.