தங்கச்சி கேட்ட தண்ணீர்

வயிற்றுப்போக்கில் துவண்ட மகள் உப்புச் சர்க்கரைத் தண்ணீரை மடக்மடக்கென்று குடிக்கிறாள். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்குத் தங்கச்சி நினைவு வந்துவிடும்.

எழுபதுகளில் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில் இருந்தோம். ஆனி மழையில் ஓடை கலங்கி வரும். கூடவே பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கும் வரும். அந்த வருசம் என் மூன்று வயதுத் தங்கைக்கு வந்தது.

"தண்ணி குடுத்தா இன்னும் போகும். கேட்டாலும் குடுத்துராத ஆத்தா," என்று என்னிடம் சொல்லிவிட்டு அம்மா களை எடுக்கப் போனாள். லயத்தில் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள்.

தங்கை பகலெல்லாம் "அக்கா, தண்ணி" என்றாள். நான் பானையை மறித்து உட்கார்ந்திருந்தேன். பிறகு அவள் கேட்கவில்லை.

அம்மா வந்து தூக்கியபோது உயிர் இல்லை.

"தண்ணி குடுத்தியாடி?"

"ஒரு சொட்டுகூடக் குடுக்கலம்மா."

மகள் டம்ளரை நீட்டுகிறாள். "போதும்மா."

"இன்னும் ஒரு வாய் குடிச்சிரு, ஆத்தா."