பெயர் எழுதாத சுவிட்சுகள்

மைக்செட் என்றால் அந்த வட்டாரத்தில் பெட்டியையும் குழாயையும் குறிக்காது, ஆளைத்தான் குறிக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டவர். ஒற்றைக் குழாயைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தொழிலுக்கு வந்த மனிதர், பின்னாளில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்துக்கே குரல் கொடுத்தார் என்றால் அது யார் போட்ட பிச்சையும் அல்ல. வகுப்புக்கு வகுப்பு ஒலிபெருக்கி, மாடிக்கு மாடி மணி, மைதானத்துக்குத் தனிக் குழாய். அத்தனை ஒயரும் அலுவலகத்தை ஒட்டிய சின்ன அறையில் ஒரு மரப்பலகையில் வந்து முடியும். பட்டம் வாங்கிய பொறியாளர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "இதைச் செஞ்ச கம்பெனி எது?" என்று கேட்டாராம். மைக்செட் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாராம். இந்தக் கதையைக் கேட்காமல் அவரிடமிருந்து யாரும் தப்பியதில்லை.

பலகை நிறையச் சுவிட்சுகள். எதன் கீழும் ஓர் எழுத்துக் கிடையாது. எது எந்த வகுப்பு என்பது அவர் விரலுக்குத்தான் தெரியும்.

"பேர் எழுதி ஒட்டிடுங்கண்ணே. நீங்க ஒரு நாள் வரலைன்னா நான் என்ன பண்றது?" என்று கிளார்க் அடிக்கடி கேட்பார்.

"நான் வராத நாளும் உண்டா? பேர் எழுதி வச்சா போறவன் வர்றவன் எல்லாம் தட்டுவான். அப்புறம் எனக்கு இங்க என்ன வேலை, உனக்கு டீ வாங்கித் தர்றதா?"

கிளார்க் சிரித்துவிட்டுப் போய்விடுவார். ஆனால் மைக்செட் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்தப் பலகைதான் அவர் மகளைப் படிக்க வைத்தது. அவள் இப்போது அதே பள்ளியில் ஆசிரியை. மேல்மாடியில் கடைசி வகுப்பு.

கண்ணில் புரை வந்து அவர் ஆஸ்பத்திரியில் படுத்த வாரத்தில்தான் அது நடந்தது. கீழ்த்தளத்து ஆய்வுக்கூடத்தில் புகை கிளம்பியது. கிளார்க் ஓடிப்போய், எது எதற்கு என்று புரியாமல் எல்லாச் சுவிட்சையும் ஒரே மூச்சில் தட்டினார். எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டால் பெட்டி தாங்காது, ஒவ்வொரு மாடியாகத்தான் போடவேண்டும். அதையும் மைக்செட் யாருக்கும் சொல்லி வைக்கவில்லை. ஃபியூஸ் போனது. பள்ளிக்கூடம் ஊமையானது. மேல்மாடிக்குச் செய்தியைக் கொண்டுபோனது புகைதான். படிக்கட்டு நெரிசலில் மகளின் வகுப்புப் பெண் ஒருத்தி விழுந்தாள். எழுந்து நடப்பாள் என்று டாக்டர்கள் யாரும் இதுவரை சொல்லவில்லை.

கண்ணில் கட்டோடு மைக்செட் பள்ளிக்கு ஓடினார். எல்லாச் சுவிட்சுக்கும் இன்றே பெயர் எழுதிவிடுவதாகச் சொன்னார்.

"இனிமே அது வேண்டாம்ங்க," என்றார் தலைமை ஆசிரியை. "எது நடந்தாலும் எல்லா டீச்சருக்கும் போன்ல மெசேஜ் போயிடும். ஏற்பாடு பண்ணியாச்சு."

"நல்லதும்மா. ஆனா வகுப்பு நேரத்துல டீச்சருங்க போனை எல்லாம் வாங்கி ஆபீஸ் அலமாரியில பூட்டுறீங்களே."

"அது ஒழுங்குக்காக. இது அவசரத்துக்கு."

"அவசரம் வந்தா அலமாரியா மாடியேறிப் போய்ச் சொல்லும்?"

கிளார்க் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார். தலைமை ஆசிரியை சிரிக்கவில்லை.

"அன்னிக்கு உங்க பெட்டி பேசுச்சா?"

மைக்செட் கண்கட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே நடந்தார்.

மறுவாரம் சோதனை நடந்தது. தலைமை ஆசிரியை பொத்தானை அழுத்தினார். அலமாரி தேன்கூடு போல அதிர்ந்தது. "எல்லாப் போனுக்கும் போயிருக்கு," என்று கிளார்க் திரையைப் பார்த்து அறிவித்தார். சோதனை வெற்றி என்று மேலிடத்துக்கு எழுதிப் போட்டார்கள். மாடியில் வாய்ப்பாடு ஒப்பிக்கும் சத்தம் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

அன்று சாயங்காலம் மகள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்பே மைக்செட் அவளைப் பிடித்துக்கொண்டார்.

"உன் போனை மட்டும் கொடுக்காதே. மறைச்சு வச்சுக்கோ."

"பிடிச்சா வேலை போயிடும்ப்பா."

"அப்ப அந்த அம்மாகிட்ட நீ போய்ச் சொல்லு. நான் கைநாட்டு மாதிரி. நீ படிச்சவ, உன் பேச்சு எடுபடும்."

"சொல்லாமலா இருப்பேன்? போன் ஏற்பாட்டைச் சொன்ன அன்னிக்கே கூட்டத்துல சொன்னேன்." அவள் கைப்பையைக் கீழே வைத்தாள். "அப்பாவோட பெட்டி திரும்ப வரணும்னுதான இப்படிப் பேசறீங்கன்னு கேட்டாங்க. எல்லாரும் என்னையே பார்த்தாங்க. படிக்கட்டுல விழுந்த பொண்ணோட அம்மாவும் அங்கதான் உட்கார்ந்திருந்தாங்க. அதுக்கு மேல என்ன பேசச் சொல்றீங்க?"

தன் சொல் செத்துப்போனது அவருக்குத் தெரிந்த கதை. மகளின் சொல்லையும் சேர்த்துக் கொன்றிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

பழைய ஒயர்களைக் கழற்ற ஆள் தேடினார்கள். வேறு எவனாவது கை வைத்தால் சுவரைப் பெயர்த்துவிடுவான் என்று சொல்லி அவரே வந்தார். கூலி வேண்டாம் என்றுவிட்டார். கீழ்த்தளம் முடித்து, ஏணியைத் தூக்கிக்கொண்டு மேல்மாடிக் கடைசி வகுப்புக்கு வந்தபோது பாடம் நடந்துகொண்டிருந்தது.

"உள்ள வரலாமா டீச்சர்?"

மகள் தலையசைத்துவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிள்ளைகள் எல்லாரும் ஏணியையே பார்த்தார்கள். ஒலிபெருக்கியை இறக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். ஒயரை இழுத்தார். இவ்வளவு வருடம் கழித்தும் எங்கும் சிக்காமல் வழுக்கிக்கொண்டு வந்தது. அப்படிப்பட்ட வேலை அது. சுவரில் நின்ற ஓட்டையைச் சிமெண்டு வைத்து அடைத்து, விரலால் வழித்துச் சமன் செய்தார். ஒரு பையன் எழுந்து, "இனிமே மணி எப்படிக் கேக்கும் டீச்சர்?" என்று கேட்டான்.

"உட்காருப்பா," என்றாள் அவள், திரும்பாமலே.