சித்தப்பா வைத்த அடிபம்பு

தெருக்குழாயெல்லாம் நின்ற பிறகும் நம் வீட்டில் மட்டும் தண்ணீர் கொட்டினால் தலைகால் புரியுமா? தஞ்சாவூரில் அந்தக் கோடையில் எங்கள் தெருவுக்கே நான்தான் ராணி. வயது ஒன்பது.

வலங்கைமான் பக்கத்தில் இருந்த குத்தகை நிலம் வழக்கில் போனதும் சித்தப்பா எங்களோடு வந்து தங்கினார். ஊரில் வாய்க்கால் தண்ணீரை வயலுக்குத் திருப்புவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. காலையில் நகராட்சிக் குழாய் அரைமணி நேரம் நூலாக ஒழுகுவதைப் பார்த்ததும் அவருக்குக் கை பரபரத்தது. "மேட்டுல குழாய வச்சா எப்படி அண்ணி தண்ணி வரும்?" என்று அம்மாவிடம் கேட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்தார். வாசலில், சாக்கடையை ஒட்டி, என் இடுப்பளவுக்குக் குழி வெட்டி, குழாயை அறுத்து அடிபம்பைப் பொருத்தினார். வெட்டும்போது சாக்கடைக் கரை உடைந்து குழிக்குள் கறுப்பாகக் கசிந்தது. வரப்பில் உடைப்பை அடைப்பதுபோல் களிமண்ணை அப்பி மிதித்துவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் அடித்தேன். கொட்டியது பாருங்கள்! ஆறரைக்குத் தெருக்குழாய்கள் நின்றன. எங்கள் பம்பு நிற்கவில்லை. வாசலில் குடங்கள் வரிசை கட்டின. என்னைக் கண்டாலே விரட்டும் எதிர்வீட்டு அக்காகூட, "எனக்கு ஒரு குடம் அடிச்சுக் குடு கண்ணு" என்றாள். கொஞ்சம் வாடை அடித்தது. புதுப் பம்பு அப்படித்தான் என்றார் சித்தப்பா. தம்பிக்கு முதல் டம்ளரை நானே பிடித்துக் கொடுத்தேன்.

நாலாம் நாள் தம்பிக்கு வாந்தியும் பேதியும். கண்கள் உள்ளே போய்விட்டன, கூப்பிட்டால் திரும்பவில்லை. சித்தப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓட, பின்னாலேயே நானும் ஓடினேன். அங்கே எதிர்வீட்டு அக்காவும் சுருண்டு படுத்திருந்தாள்.

"எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

நான் முந்திக்கொண்டேன். "எங்க வீட்டுத் தண்ணிதான் டாக்டர். தெருவுக்கே நின்னாலும் எங்களுக்கு நிக்காது."

"நின்னப்புறம் எங்கேருந்தும்மா வருது?"

"பம்புலேருந்து" என்றேன் பெருமையாக. சித்தப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

குளுக்கோஸ் பாட்டில்கள் ஏறி, தம்பி பிழைத்தான். அந்த அக்காவும் எழுந்து வீடு திரும்பினாள். சித்தப்பா பம்பைப் பிடுங்கிக் குழியை மூடினார். "நல்லா வர்ற தண்ணிய ஏன் மூடுறீங்க?" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். எனக்கு அவ்வளவு கோபம். குழாய் நின்ற பிறகு அந்த இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது சாக்கடை ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அவர் மண்ணை மிதித்துக்கொண்டே அழுதார். என் ராணிப் பட்டம் போய்விட்டதே என்றுதான் அழுகிறார் என நினைத்துக்கொண்டேன்.