வாத்துத் தீனி என்று சொன்னேன்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

எழுபதுகளில் நாங்கள் மெல்பேர்னில் குடியேறியிருந்தோம். யாழ்ப்பாணத்தில் என் தந்தையார் காலமானபோது ஊர் செல்ல எனக்கு இயலவில்லை. மறு ஆண்டு ஆடி அமாவாசை வந்தது. பிதிர்க்கடன் செய்ய இங்கு அப்போது கோயிலோ குருக்களோ இல்லை. ஆதலால் விக்டோரியா மாநிலத்தின் வடபுறத்து நன்னீர் ஏரிப் பூங்கா ஒன்றுக்கு மனைவியுடன் சென்றேன். இந்நாட்டில் ஆடி மாதம் குளிர்காலமாகையால் மணற்கரை வெறிச்சோடிக் கிடந்தது. எள்ளும் சோற்றுருண்டையும் வைத்து நானே தொடங்கினேன்.

பூங்காக் காவலர் அருகில் வந்தார். "இது என்ன?" என்று ஆங்கிலத்தில் வினவினார்.

எங்கள் வழக்கத்தைக் கண்டு நகைப்பாரோ என்று அஞ்சி, "வாத்துகளுக்குத் தீனி" என்றேன்.

மனைவி திடுக்கிட்டாள். "என்னப்பா, உங்கட அப்பாவுக்குப் படைச்சதை வாத்துத் தீனி எண்டுறியள்? உள்ளதைச் சொல்லுங்கோ!"

நாக்கூசியபடி உண்மையைச் சொன்னேன். காவலர் தொப்பியைக் கழற்றினார்.

"உங்கள் தந்தையின் பெயர் என்ன?"

சொன்னேன். அப்பெயரை அவர் தடுமாறியவாறே ஒருமுறை உச்சரித்தார். "ஆறுதலாக, அவசரமின்றிச் செய்யுங்கள்" என்று கூறி, நான் நீரில் இறங்கி முடிக்கும்வரை தலைகுனிந்து நின்றார்.

அந்த ஏரிக்கரையில் என் தந்தையாரின் பொருட்டு நாணியவன் நான் ஒருவனே. இதை என் பிள்ளைகளிடமும் இதுவரை கூறியதில்லை. தயைகூர்ந்து இவ்வெழுத்தை உங்கள் ஆவணக் காப்பகத்தில் பேணி வைத்திருங்கள்.