கம்பம் நட்ட பிறகு விழுந்த அடி

மல்லசமுத்திரம் பக்கத்தில் என் அக்காவின் விவசாயக் காட்டுக்குப் போகும் வண்டித்தடத்தை, பக்கத்துக் காட்டுக்காரர் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார். கேட்கப் போன அக்காவை நாலு பேர் பார்க்கக் கன்னத்தில் அறைந்தார். மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்காக, பெண்கள் தினமும் தண்ணீர் ஊற்றிக் கும்பிடும் கம்பத்தைக் கோயில் முன்னால் நட்ட மறுநாள் அது. கம்பம் நட்டுவிட்டால் நோம்பி முடியும்வரை சண்டை சச்சரவு கூடாது, யாரும் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறக்கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. அறைந்தவருக்கு அது பொருந்தவில்லை. புகார் கொடுக்கக் கிளம்பிய அக்காவுக்கு மட்டும் பொருந்தியது.

அந்த ஆள் கோர்ட்டில் நின்று பதில் சொல்ல வேண்டும், அக்கா கேட்டது அவ்வளவுதான். நோம்பி முடியட்டும் என்றார்கள் ஊர்ப் பெரியவர்கள். முடிந்ததும், அவர் மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார், கெடுக்காதே என்றார்கள். கல்யாணம் முடிந்ததும் அவருடைய அப்பா இறந்துபோனார். துக்க வீட்டு மேல் கேஸா என்று அதற்கும் ஒரு பேச்சு. நான் சேலத்திலிருந்து போகும்போதெல்லாம் கத்திவிட்டு வந்தேன். ஊரோடு இருக்க வேண்டுமே என்று அக்கா பொறுத்தாள். அதற்குள் அடுத்த நோம்பிக்குக் கம்பம் நட்டாயிற்று.

அதுவும் முடிந்தபின் திருச்செங்கோட்டில் வக்கீலைப் பார்த்தோம். "கையில அடிச்ச கேசுக்கு ஒரு வருசந்தானுங்க கெடு. தாண்டிப் போச்சுங்களே" என்றார். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் கோர்ட் ஏற்கலாம் என்று மனுப் போட்டுப் பார்த்தார். நோம்பியும் கல்யாணமும் தக்க காரணம் இல்லையாம், தள்ளுபடி. அக்கா காத்திருந்த நாளை எண்ணத் தெரிந்த சட்டத்துக்கு, அவளைக் காக்க வைத்தது யார் என்று கேட்கத் தெரியவில்லை. அடித்தவரோ டீக்கடையில், ஒரு வருசம் ஓட்டியாச்சு என்று சிரித்திருக்கிறார். பெரியவர்களுக்கும் அந்தக் கெடு தெரிந்துதான் இருந்திருக்கும் என்று இன்றுவரை நான் நம்புகிறேன்.

இந்த வருஷம் கம்பம் நடுவதற்கு முந்தின நாள், வழக்கப்படி வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு அதே பெரியவர்கள் வந்தார்கள். நானும் அங்கே இருந்தேன். நாளைக்குக் கம்பம், சண்டை சச்சரவு வேண்டாம் என்றார்கள். அக்கா எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தாள்.

"அதை மொதல்ல அவிய ஊட்டுல சொல்லிப்போட்டு வாங்க" என்றாள். "இன்னொருக்கா எம்மேல கை பட்டுச்சுன்னா, கம்பத்துக்குத் தண்ணி ஊத்துன ஈரக் கையோட நேரா ஸ்டேசனுக்குத்தான் போவேனுங்க."