மஞ்சள் கயிறும் பித்தளை விரலும்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுத்துகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். சில இடங்களில் பேனா அழுந்தித் தாள் கிழிந்திருக்கும். பிழைகளும் இருக்கும், நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிழைகளுக்கு நான் பொறுப்பு. சாய்வுக்கு என் வலது கை பொறுப்பு. அது பித்தளையால் ஆனது.

எழுபதுகளின் நடுவில் காரைக்காலில் ஒரு நெல் அரவை மில்லில் வேலை பார்த்தேன். ஒரு நாள் காலையில் ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டில் சட்டைக் கை மாட்டியது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது வலது மணிக்கட்டோடு கை முடிந்துவிட்டது.

அதற்கு முந்திய வருடமே கோட்டுச்சேரி மாமாவின் மகளை எனக்குக் கொடுப்பதாகப் பேசி, வெற்றிலை பாக்கு மாற்றியிருந்தார்கள். கை போனபின் அத்தை தயங்கினார்கள். மாமா தயங்கவில்லை, ஆனால் ஒன்று சொன்னார். எங்கள் வீட்டுக்கு வந்து, என்னைப் பார்க்காமல் என் அக்காவைப் பார்த்துச் சொன்னார்.

"வாக்குக் குடுத்தது குடுத்ததுதான். ஆனா மொத முடிச்சு மாப்பிள்ளை கையால விழணும். மத்த ரெண்டு முடிச்சு நாத்தனா முறைக்கு நீ போட்டுக்க. மொத முடிச்சையும் நீயே போட்டா, எம் பொண்ண ஒனக்குல்ல கட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும்."

அக்கா சிரித்தாள். மாமா சிரிக்கவில்லை. நான் ஒற்றைக் கையால் வேட்டியையே சரியாகக் கட்டத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது ஊரில் ஒரு டாக்டர் இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்து ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்துவிட்டு, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். கை கால் இழந்தவர்களுக்குத் தானே யந்திரக் கையும் காலும் செய்து பொருத்துவார். ஊரில் அவருக்கு மரக்கட்டை டாக்டர் என்று பெயர். அவர் செய்யும் கால்களுக்காகவா, அவர் முகத்துக்காகவா என்று யாரும் பிரித்துச் சொன்னதில்லை. அவர் சிரித்தோ கோபப்பட்டோ பார்த்தவர் கிடையாது. கால் போன கணவனோடு வந்த ஒரு பெண் அவர் முன்னால் அழுததைப் பார்த்திருக்கிறேன். ஒரு துண்டை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தார். "அழுது முடிச்சதும் சொல்லுங்க, அளவெடுக்கணும்" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தார். அந்தக் குரலில் எரிச்சல் இல்லை, இரக்கமும் இல்லை.

அவர் வீட்டின் பின்கட்டில்தான் பட்டறை. ஏதோ பழைய படகிலிருந்து கழற்றிய சின்ன நீராவி இஞ்சின் ஒன்று அங்கே இருந்தது. தேங்காய் மட்டையையும் உமியையும் போட்டுக் கொதிகலனை எரிப்பார். ஆவி ஏறியதும் சக்கரம் சுற்றும். அதிலிருந்து ஒரு பெல்ட் போய்க் கடைசல் யந்திரத்தைச் சுற்றும். கரண்டு போனாலும் அவர் வேலை நிற்காது. ஆவி மிஞ்சினால் ஒரு விசில் ஊதும். பேரளம் ரயில்தான் வந்துவிட்டது என்று அந்தத் தெருவில் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் உண்டு. சுவர் முழுக்கக் கைகளும் கால்களும் தொங்கும். பித்தளைப் பற்சக்கரம், குடைக்கம்பி, சைக்கிள் பிரேக் கம்பி, கடிகார ஸ்பிரிங் எல்லாம் பீங்கான் கிண்ணங்களில் தனித்தனியாக இருக்கும்.

முதல் நாள் நான் உள்ளே போனபோது பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அடுத்த முறை போனபோது பெல்ட்டுக்கு முன்னால் பலகை அடித்து, மேலே கோணிச் சாக்கு போர்த்தியிருந்தது. எனக்காகவா என்று நினைத்தேன். அவரே சொன்னார்.

"சத்தம் கேட்டா உங்க தோள் தூக்குது. அளவு தப்பா வருது."

"இந்தக் கை என்ன வேலை செய்யணும்?" என்றும் கேட்டார். எல்லோரிடமும் அவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். பெஞ்சில் நாலு பேர் காத்திருந்தார்கள். அவர்கள் முன்னால் கல்யாணப் பேச்சை எப்படி எடுப்பது? "மூட்டை தூக்கணும்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் மூட்டை தூக்கும் கை செய்து கொடுத்தார். அருமையான இரும்புக் கொக்கி. நெல் மூட்டையை அது கோழிக்குஞ்சைப் போலத் தூக்கியது. வீட்டுக்குப் போய் அக்காவிடம் காட்டினேன். அவள் கொக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏன்டா, இதாலயா அவளுக்குத் தாலி கட்டப் போற? இத மாட்டிக்கிட்டுப் போனா பொண்ணு கேட்டு வந்தியா, ஆடு உரிக்க வந்தியான்னு கேப்பாங்கடா."

மறுநாளே என்னை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். எல்லாவற்றையும், மாமாவின் நிபந்தனை உட்பட, பெஞ்சில் இருந்தவர்கள் கேட்கும்படி சொன்னாள். நான் சுவரில் தொங்கிய கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

டாக்டர் கேட்டார்: "முடிச்சு எப்படிப் போடுவாங்க? நான் பாத்ததில்ல."

"இத்தன வயசுக்கு ஒரு கல்யாணத்துக்குக்கூடவா போனதில்ல?"

"போயிருக்கேன். முடிச்சப் பாத்ததில்ல. செஞ்சு காட்டுங்க."

கழுத்துக்கு என்ன செய்வது? பட்டறைப் பிடியில் புதிதாகச் செய்த மரக்கால் ஒன்று நிமிர்ந்து நின்றது. அக்கா சணல் கயிற்றை எடுத்து அதன் கணுக்காலில் சுற்றி முடிச்சுப் போட்டாள். அந்தக் கால் திருமலைராயன்பட்டினத்துப் பாய் ஒருவருக்காகச் செய்தது. கப்பலில் வேலை பார்த்துக் கால் இழந்தவர். அவர் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.

"யம்மா, அது ஏங்காலு" என்றார். "அதுக்குத் தாலியக் கட்டி வீட்டுக்கு அனுப்பிச்சீங்கன்னா, எங்க வூட்டுல மிச்ச காலையும் ஒடச்சிப்புடுவா."

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. நானும் கை போன பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன். டாக்டர் மட்டும் குனிந்து முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொரு தடவை, மெதுவா" என்றார்.

அன்று முதல் அவர் தன் வலது கையை இடுப்புத் துண்டில் செருகிக் கட்டிக்கொண்டு, இடது கையாலும் ஒரு குறட்டாலும் பாய் காலுக்குத் தாலி கட்டிப் பார்த்தார். நான் போகும்போதெல்லாம் அந்தக் காலில் முடிச்சுகள் இருக்கும். கட்டைவிரலும் இரண்டு விரல்களும் மட்டும் அசையும்படி புதுக் கை ஒன்று உருவானது. இடது தோளில் ஒரு தோல் வார். அதிலிருந்து முதுகு வழியாக வலது கைக்கு ஒரு பிரேக் கம்பி. தோளை முன்னால் தள்ளினால் விரல்கள் திறக்கும், தளர்த்தினால் ஸ்பிரிங் மூடிவிடும்.

ஒரு நாள், "பொண்ண வரச் சொல்லுங்க, கழுத்தை அளக்கணும்" என்றார். கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணை எப்படி வரச் சொல்வது என்று நான் திகைத்தேன். அக்கா திருநள்ளாறு கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு அவளைக் கூட்டி வந்துவிட்டாள். பெண்ணுக்கு என்னைப் போல் கூச்சம் கிடையாது. நேராக ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள். டாக்டர் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. நாடாவைக் கழுத்தில் வைத்து, பிரெஞ்சில் எண்ணினார்.

"பின்னல் எங்க விழும்?"

"இங்கதான். பூ வச்சா இன்னும் பெருசா இருக்கும்."

"எவ்வளவு பூ?"

"அது அத்தான் வாங்கித் தர்றதப் பொறுத்து, டாக்டர்."

அவர் அதையும் யோசித்தார். "அதிகம்னே வச்சுக்கறேன்" என்றார்.

போகும்போது அவள் அந்தப் பித்தளைக் கையை எடுத்து, விரல்களைத் தன் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். "சில்லுன்னு இருக்கு அத்தான்" என்றாள்.

கல்யாணம் கோட்டுச்சேரியில், மாமா வீட்டு வாசல் பந்தலில் நடந்தது. டாக்டர் இஸ்திரி போட்ட காற்சட்டையோடு வந்து மேளக்காரர்கள் பக்கத்தில் நின்றார். மரக்காலில் தவறாமல் முடிச்சுப் போடுகிற அளவுக்கு நான் பழகியிருந்தேன். பயம் இல்லை என்றே நினைத்திருந்தேன்.

எங்கள் எல்லோருக்கும் ஒன்று மறந்து போயிருந்தது. நான் பழகியது காய்ந்த சணல் கயிற்றில். தாலிக் கயிறு அப்போதுதான் மஞ்சள் அரைத்துப் பூசி, ஈரம் சொட்டத் தட்டில் வந்தது. ஆயிரம் கல்யாணம் பார்த்த பெண்கள் அந்தப் பந்தலில் இருந்தார்கள். ஈர மஞ்சள் பித்தளையில் வழுக்கும் என்பது ஒருத்திக்கும் தோன்றவில்லை. விரல்கள் சதையாக இருக்கிறவர்களுக்கு எப்படித் தோன்றும்?

கெட்டிமேளம் முழங்கியது. கயிற்றை அவள் கழுத்தில் சுற்றினேன். பித்தளை விரலில் ஒரு நுனியைக் கொடுத்தேன். நழுவியது. மறுபடி கொடுத்தேன். மறுபடியும் நழுவியது. நாதஸ்வரக்காரருக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் நிறுத்தாமல் ஊதினார். அட்சதை விழுந்துகொண்டே இருந்தது. அக்கா எனக்குப் பின்னால் விளக்கைப் பிடித்துக்கொண்டு, "நான் போட்டுடறேன்டா, யாருக்குத் தெரியப் போவுது" என்று கிசுகிசுத்தாள். எனக்கு மாமாவின் கால்கள் மட்டும் தெரிந்தன. அவை ஓரடி முன்னால் வந்தன.

அப்போது அவள் குனிந்த தலையை நிமிர்த்தாமல், ஒரு கையை மட்டும் பின்னால் கொண்டு வந்தாள். பூவுக்கு அடியில் துழாவி, என் பித்தளை விரலைக் கண்டுபிடித்து, அதன் மேல் கயிற்றை வைத்துத் தன் விரலால் அழுத்திக்கொண்டாள். நான் இடது கையால் சுற்றி இழுத்தேன். முடிச்சு விழுந்தது. மற்ற இரண்டையும் அக்கா போட்டாள்.

சாப்பாட்டுப் பந்தியில் மாமா டாக்டரின் இலைக்கு முன்னால் வந்து நின்றார். பக்கத்தில் பாய் உட்கார்ந்திருந்தார், எதிரில் நானும் அவளும். கட்டிய தாலியை யாரும் அவிழ்க்கப் போவதில்லை. ஆனால் மாமாவுக்கு ஒரே பெண். தன் சொல் காப்பாற்றப்படவில்லை என்று அவர் நினைத்துவிட்டால், பிறந்த வீட்டுப் படியை அவள் எந்த முகத்தோடு மிதிப்பாள்?

"டாக்டர், ஒங்க கை மொத முடிச்சப் போட்டுதா?"

"நழுவிடுச்சு" என்றார் டாக்டர், சோற்றைப் பிசைந்தபடி. "மஞ்சள் ஈரத்தை நான் கணக்குல எடுக்கல. பொண்ணு விரல் வச்சுப் பிடிச்சாங்க. அப்புறம்தான் விழுந்தது."

"அல்லாவே" என்றார் பாய் மெல்ல. "ஒரு பொய்யி சொன்னா சோத்துல கல்லா விழுந்துரும்?"

மாமா இன்னும் குனிந்தார். "அப்ப ரெண்டு பேருமாச் சேந்து போட்டதா?"

"ஆமா. அந்த விரல் என் கணக்குல இல்ல. இருக்கும்னு தெரிஞ்சிருந்தா, கையை இன்னும் லேசாச் செஞ்சிருப்பேன்."

மாமா தன் மகளைப் பார்த்தார். அவள் இலையில் இருந்த அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு மாமா பரிமாறுகிற பையனைக் கூப்பிட்டார்.

"டாக்டருக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊத்துடா. மாப்பிள்ளைக்கும் ஊத்து."

அவர் என்னை மாப்பிள்ளை என்று நேராகச் சொன்னது அன்றைக்குத்தான்.

டாக்டர் கை கழுவிவிட்டு என்னிடம் வந்து, "விரல் நுனியில ரப்பர் வேணும். திங்கக்கிழமை வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். திங்கட்கிழமை சைக்கிள் டியூபை வெட்டி விரல்களுக்கு உறை போட்டார். அதன்பின் எதுவும் நழுவியதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தக் கை தேய்ந்தது. புதிதாக இன்னொன்று செய்தார், முன்னதைவிட லேசாக. அதைத்தான் இப்போது போட்டிருக்கிறேன். தோள் வாரின் கொக்கி பழைய கையில் நெஞ்சுப் பக்கம் இருந்தது, நானே மாட்டிக்கொள்வேன். புதியதில் முதுகுப் பக்கம் வைத்துவிட்டார். எனக்கு எட்டாது.

"பின்னாடி வச்சுட்டீங்களே டாக்டர்" என்று தயங்கிக் கேட்டேன்.

"முன்னாடி வச்சா ஒரு வளையம் கூட வேணும், எடை ஏறும். உங்க வீட்டுல இன்னும் ரெண்டு கை இருக்குல்ல" என்றார். சொல்லும்போதே அடுத்த ஆளின் காலை அளக்கத் தொடங்கிவிட்டார்.

அவர் முகத்தில் நான் எதையும் தேடவில்லை. அங்கே எதுவும் இருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்றிலிருந்து தினமும் காலையில் அவள் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று அந்தக் கொக்கியை மாட்டிவிடுகிறாள். சண்டை போட்ட நாள்களிலும் மாட்டித்தான் ஆக வேண்டும். அந்த நாள்களில் ஒரு ஓட்டை இறுக்கமாக மாட்டுவாள்.

டாக்டர் போன வருடம் இறந்துபோனார். சவப்பெட்டிக்குப் பின்னால் பாய் தாங்கித் தாங்கி நடந்து வந்தார். அவர் காலும் என் கையும் சேர்ந்து கிறீச்சிட்டதை நாங்கள் இருவருமே கேட்டோம். "எண்ண போட ஆளில்ல தம்பி இனிமே" என்றார் அவர். எண்ணெய் போட எனக்குத் தெரியும். டாக்டர் சொல்லிக் கொடுத்திருந்தார். பாயின் காலுக்கும் இப்போது நான்தான் போடுகிறேன்.

இதையெல்லாம் எழுதி வையுங்கள் என்று அவள் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. இன்று காலை அரசலாற்றங்கரைக்குப் போனோம். ஆடிப்பெருக்குக்குப் பெண்கள் தாலிக் கயிறு மாற்றுவார்கள். மற்ற பெண்களுக்குப் பெரியவர்கள் கட்டிவிடுவார்கள். இவளுக்கு ஒவ்வொரு வருடமும் நான்தான் கட்ட வேண்டும். கயிறு ஈரமாகத்தான் இருந்தது. ரப்பர் உறை இருப்பதால் இப்போது நழுவுவதில்லை, அது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் நான் கயிற்றைச் சுற்றியதும் அவள் கை பின்னால் வந்தது. பித்தளை விரலைத் தேடிப் பிடித்து, அழுத்திக்கொண்டது.

வீட்டுக்கு வந்ததும் தாளை எடுத்து உட்கார்ந்தேன்.

காரைக்கால், 1988, ஆடி பதினெட்டு.